வோனன் என்றால் வசிப்பது

போன முறை அவளைத் தோற்கடித்தது மனப்பாடம்.

டச்சில் வோனன் என்றால் வசிப்பது. இக் வோன், யெய் வோன்ட், ஹெய் வோன்ட், வெய் வோனன். நான், நீ, அவன், நாங்கள். தையல் மிஷின் ஓட ஓட, வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து ஏற்றிக்கொண்டாள். தேர்வறைக் கணினி கணவனைப் பற்றிக் கேட்டது. 'அவன்' வர வேண்டுமென்றால் அவள் 'நான்' என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது.

இந்த முறையும் தோற்றால் நெதர்லாந்தில் இருக்கும் கணவனிடம் போக விசா இல்லை. வயிற்றுப் பிள்ளை அப்பாவைத் திரையில்தான் பார்க்கும்.

வரிசையாக ஒப்பிப்பதை நாத்தனார் தடை செய்தாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே தையல் கடை. அண்ணியின் வாயில் குண்டூசி இருக்கும்போதுகூடக் கேட்பாள்.

"அண்ணி, எங்கண்ணன் எங்க வசிக்கிறான்? சட்டுனு!"

"இரு. இக் வோன், யெய்..."

"மறுபடியும் முதல் படியிலேர்ந்தா? அவன் மூணாவது மாடியில நிக்கிறான், நேரா போங்க."

"நின்னா நிக்கட்டும். ஊசிய முழுங்கிடப் போறேன்."

"முழுங்குறதையும் டச்சுலயே முழுங்குங்க."

இன்று ஹெட்போன் காதை அழுத்தியது. உங்கள் கணவர் எங்கே வசிக்கிறார்? நாக்கு 'இக்' என்று கிளம்பியது. கடித்து நிறுத்தினாள்.

"ஹெய் வோன்ட் தார்." அவர் அங்கே வசிக்கிறார். மணி பிறகுதான் அடித்தது.

அடுத்தடுத்த கேள்விகளும் அப்படியே போயின. கடைசிக் கேள்வி வந்தது. அடுத்த வருடம் யாருடன் வசிப்பீர்கள்?

நாத்தனார் இதை மட்டும் கேட்டதே இல்லை. சாப்பிடும்போது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, என்னென்னவோ கேட்டாள். இதைக் கேட்கவில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. தான் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் ஒருத்தி.

பதில் தெரியும். திரையில் நேரம் காட்டும் கோடு தேய்ந்துகொண்டே வந்தது. நூல் அளவுக்குக் குறைந்தது.

"இக் வோன் மெட் மெய்ன் மன்." கணவனோடு.

திரை பச்சையானது. தேர்ச்சி.

வெளியே நாத்தனார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னாச்சு அண்ணி? வாயத் திறங்க!"

"பாஸ்."

நாத்தனார் கட்டிக்கொண்டாள். உடனே விடவில்லை.

"புதுசா ஏதாவது கேட்டானா?"

"இல்ல. எல்லாம் நீ கேட்டதுதான்."