பாஸ்டர் வாங்கிய ஐஸ் பெட்டி

வில்லாபுரத்தில் எதிர்ச்சபைக்காரர்கள் ஏசி போட்டதும் பாஸ்டர் ஜெர்சனின் சபை ஆடுகள் அங்கே மேயப் போய்விட்டன. மனிதர் அசரவில்லை. இறந்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி ஒன்றை, சீரியல் பல்பும் பரலோக வாசல் படமுமாக வாங்கிப் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். உறுப்பினருக்கு இலவசம் என்றதும் கூட்டம் திரும்பியது.

"அங்கன ஏசி ரெண்டு மணி நேரந்தான். நம்மகிட்ட முழுசா ஒரு நாள்!" என்று முழங்கினார்.

ஆனால் சேர்ந்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. பெட்டி பழுதாகிவிடக் கூடாதென்று வெறுமனே ஓடவிட்டார். அதன் மோட்டார் உறுமல் சாப்பிடும்போதும் ஜெபிக்கும்போதும் அவர் காதைவிட்டு இறங்கவில்லை. பசித்த பிள்ளை முனகுவது போலவே இருந்தது.

ஒரு மத்தியானம் சபையில் சேர்ந்த ஐரின் பதறிப்போய் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் கணவர் பெர்சி, ஆறடி ஆள், மூச்சு வாங்கப் படுத்திருந்தார்.

"இவர விட்டா எனக்கு யாருமில்ல பாஸ்டர். ஜெபம் பண்ணுங்க."

ஜெர்சன் நோயாளியின் நெற்றியில் கை வைத்தார். "ஆண்டவரே, இவர..." என்றவருக்கு அடுத்த சொல் வரவில்லை. காதில் பெட்டியின் உறுமல்தான் வந்தது. பெட்டிக்குள் அடங்குவாரா என்று கண் தலைமுதல் கால்வரை தானாக அளந்தது.

பெர்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "கால மடக்குனா புடிச்சிரும் பாஸ்டர். மொதல்ல ஜெபத்த முடிங்க."

ஜெர்சன் கண்களை இறுக மூடினார். உள்ளேயும் பெட்டி விளக்கெரிய நின்றது. ஆமென் சொல்ல ஐரின் காத்திருந்தாள்.