சாம்பல் நிறக் கிரைண்டர்

புகையைத்தான் முதலில் பார்த்தான். வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினின் சிலிண்டரை இடது கையில் பிடித்து, அதன் புகைத்துளைக்குள் கை கிரைண்டரை விட்டுக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கரி பொடியாக உதிர்ந்தது. அதன் நடுவே வெள்ளையாக ஓர் இழை எழுந்தது. முனையிலிருக்கும் கல்தான் உரசிப் புகைகிறது என்று நினைத்து கிரைண்டரை வெளியே இழுத்தான். புகை அவனுடைய உள்ளங்கையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"டேய், கீழ போடு!" என்று லேத்து ஓட்டும் அண்ணன் கத்தினார்.

போட்டான். மோட்டார் இருக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் உருகிக் குழி விழுந்திருந்தது. உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, காசளவுக்குத் தோல் வெளுத்து உப்பியிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தான்.

"உனக்குச் சுடலையாடா?"

"இப்பதான் திடீர்னு சூடாச்சுண்ணே."

லேத்து அண்ணன் லேத்தை நிறுத்தினார். கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடி லேத்தை ஓடவிட்டார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். கிரைண்டரைக் காலால் புரட்டினார்.

"செத்துப்போச்சா? சரி, ரெண்டு வருஷம் உழைச்சிருக்கு. சாயங்காலம் கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. நாளன்னைக்கு அம்பது மெஷின் வருது." ஒரு தொகையைச் சொன்னார். "அதுக்கு மேல போகக்கூடாது. அந்த விலையில வர்றதுல பத்துக்கு எட்டு ஆடும். ஆடாததா பார்த்து எடு. உன் விரலுக்குத் தெரியாததா, டாக்டர்?"

டாக்டர் என்பது பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர். சிலிண்டருக்குள் ஒரு விரலை விட்டு, கண்ணை மூடி, நாடி பார்ப்பதுபோல நிற்பான். துளையின் விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் சொல்லிவிடுவான். பிசிறு இருந்தால் பிஸ்டன் வளையம் அதில் மாட்டி உடையும். ஒரு வாரத்தில் மெஷின் திரும்பி வரும். அவன் தொட்ட மெஷின் திரும்பி வந்ததில்லை. வாடிக்கையாளர்களிடம் முதலாளி அதைச் சொல்லித்தான் வேலை பிடிப்பார்.

ஒரு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்க்கும்போது, தண்ணீர் பட்ட விரல்கள் இரண்டாவது கணு வரை மெழுகுவத்திபோல வெளுத்தன. அரைமணி நேரத்தில் சிவந்து, ஊசி குத்துவதுபோல வலித்து, சரியானது. பிறகு அது தினமும் வந்தது. பிறகு வலிப்பது நின்றது. நின்றதில் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்ற நாளில்தான் பயம் வந்தது. அன்றிலிருந்து மனைவி போட்டுவிடுகிறாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று மாதமாக அவன் விரலால் பார்ப்பதில்லை. சட்டைப் பையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருந்தான். யாரும் பார்க்காதபோது அதைத் துளையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றுவான். பிசிறு இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டி நிற்கும். அப்புறம்தான் விரலை விட்டுக் கண்ணை மூடுவான்.

போன வருடம் வெல்டருக்குக் கண் மங்கியது. அவர் பற்றவைத்ததில் ஒரே ஒரு பெட்ரோல் டேங்க் ஒழுகியது. "கொஞ்ச நாள் ஓய்வெடுப்பா" என்றார் முதலாளி. வெல்டரின் முகக்கவசம் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது.

கிரைண்டரைப் பஞ்சு வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

*

மனைவி தோளில் ஒட்டிய நூலோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து ரெடிமேட் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். கடைக்குப் போகும் வழியிலேயே அவன் சொன்னான்: "நான் எதையும் கேட்க மாட்டேன். நீயா வேடிக்கைக்குக் கேட்கிற மாதிரி, கிரைண்டரைப் பிடிச்சுப் பார்க்கக் கேளு."

"நடிப்புக்குச் சம்பளம் உண்டா?" என்றாள். அவன் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேஜைமேல் இரண்டு கிரைண்டரை எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். "உங்க முதலாளி சொன்ன விலைக்கு இந்த ரெண்டுதான். நீலம் எல்லாரும் வாங்கறது. சாம்பல் புதுசா வந்திருக்கு, இன்னும் யாரும் திட்டல."

அவன் நீலத்தைக் கையில் எடுத்தான். வழக்கம்போலக் கண்ணை மூடினான். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். சத்தம் வந்தது. கையில் கனம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. சாம்பலை எடுத்தான். அதே கனம். சத்தம் மட்டும் கொஞ்சம் வேறு. தெருவில் போகிற லாரியின் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

"எப்படி?" என்றார் கடைக்காரர்.

"ம்."

"ரெண்டுக்கும் ஒரே 'ம்'மா?"

"நான் ஒரு தடவ பிடிச்சுப் பார்க்கவா?" என்றாள் மனைவி, சத்தமாக.

கடைக்காரர் சிரித்தார். "பிடிங்கக்கா. வீட்டுல யார அரைக்கப் போறீங்க?"

"இவரத்தான்."

நீலம் ஓடியது. அவள் முகம் சுருங்கியது. "மேடு பள்ளத்துல பஸ் போற மாதிரி இருக்குங்க. முழங்கை வரைக்கும் ஏறுது."

"நிறுத்திட்டு நுனியைப் பிடிச்சு ஆட்டிப் பாரு," என்றான் மெதுவாக. "தட்டுதா?"

"நல்லாவே தட்டுது."

சாம்பலை வாங்கினாள். "இதுக்குள்ள ஒரு வண்டு இருக்கு. ஆனா ஒரே மாதிரி பறக்குது. நுனி ஆடல... லேசா, ரொம்ப லேசா."

மேஜைக்கு மேலே ஒரு கொக்கியில் இன்னொன்று தொங்கியது. மோட்டார் மேலே, அதிலிருந்து பாம்புபோல வளையும் ஒரு கம்பி, அதன் முனையில் பேனா அளவுக்குக் கைப்பிடி. அவள் கேட்காமலே அதைப் பிடித்தாள். கடைக்காரர் ஓடவிட்டார்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"ஒண்ணுமே தெரியலீங்க," என்று அவனைப் பார்த்தாள். "நடுக்கமெல்லாம் மேலயே நின்னுடுது போல. கைக்கு வரவே இல்ல."

அவன் முதலாளிக்கு போன் செய்தான். தொங்கும் மோட்டார், கைக்கு நல்லது, நீண்ட நாள் வரும் என்று சொன்னான். விலையைச் சொன்னான்.

"இரட்டை விலையா? எதுக்கு, தூங்கிக்கிட்டே வேலை செய்யவா? நான் சொன்ன விலையில ஒண்ண எடு. போனைக் கடைக்காரர்கிட்ட கொடு."

கடைக்காரர் போனை வாங்கினார். "வணக்கம் அண்ணாச்சி! கவலையே படாதீங்க, நல்ல மெஷினாத்தான் போகுது. வீட்டுக்கார அக்காதான் ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பார்க்கறாங்க. உங்க டாக்டரு பையைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு!" சிரித்தார். கேட்டார். மறுபடி சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பஸ்ஸில் அவள் சாம்பல் கிரைண்டரின் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். "ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?"

"முதலாளிக்குத் தெரிஞ்சிடுச்சு."

"கடைக்காரரு தமாஷாத்தானே சொன்னாரு."

"முதலாளி சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்கல."

*

காலையில் முதலாளி அவனுக்கு முன்பே வந்திருந்தார். சாம்பல் கிரைண்டரைப் பிரித்து, தானே ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆடவே இல்ல." கிரைண்டரை வைத்துவிட்டு, மேஜைமேல் இரண்டு சிலிண்டரை வைத்தார்.

"ஒண்ணுல பிசிறு இருக்கு. நானே அரம் போட்டு உண்டாக்கினேன். எதுலன்னு சொல்லு."

லேத்து நின்றது. முதலாளி ஒரு கை தூரத்தில் நின்றார். பஞ்சு பையில் இருந்தது. பைக்கும் கைக்கும் நடுவே அவருடைய கண்கள் இருந்தன. அவன் முதல் சிலிண்டருக்குள் விரலை விட்டான். கண்ணை மூடினான். முன்பெல்லாம் பிசிறு எப்படி இருக்கும் என்று யோசித்தான். பூனை நக்குவதுபோல இருக்கும். இரண்டாவதற்குள் விட்டான். அங்கும் எதுவும் தெரியவில்லை.

"இதுல," என்று இரண்டாவதைக் காட்டினான்.

"சரி," என்றார் முதலாளி. முதல் சிலிண்டரை எடுத்து, தன் கட்டைவிரலால் துளையின் விளிம்பைத் தடவினார். கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலில் சிவப்பாக ஒரு கோடு மெல்லத் தடித்து வந்தது.

அவர் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு... மூணு மாசம் இருக்கும்ங்க. ஆனா ஒரு மெஷின்கூடத் திரும்பி வரலீங்க. நான் பஞ்சு வச்சு..."

"நாளைக்கு உன் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வா."

"அவ எதுக்குங்க?"

"சாம்பலை எடுத்தது அவங்கதானே? பொத்தான் தைக்கிற கை. பழகிடும்." கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "நீயும் இரு. கழட்டு, மாட்டு. உன்னை நான் அனுப்பலையே! உன் சம்பளத்துல பாதி உனக்கு, பாதி அவங்களுக்கு. வீட்டுக்கு வர்றது குறையல இல்ல?"

அவர் போனபிறகு லேத்து அண்ணன் பக்கத்தில் வந்தார். "பஞ்சு நல்ல யோசனைடா," என்றார்.

சாயங்காலம் வீட்டில் அவன் சொல்லி முடிக்கும்வரை மனைவி தைத்துக்கொண்டே இருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வேற எங்கயாவது வேலை கேட்டா?"

"எங்க போனாலும் விரல வச்சுதான் பார்ப்பாங்க."

"அப்ப வர்றேன்."

"வேண்டாம்மா. கிரைண்டர் ஆட்டத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள உன் விரலும் இப்படி மரத்துடும். நான் பார்த்துட்டேன்."

அவள் தன் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளறையில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்னா, வேற என்னன்னும் நீங்களே சொல்லுங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு அடுத்த சட்டையை எடுத்து, ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் கோத்தாள்.

*

ஐம்பது மெஷினும் வந்திறங்கின. அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் கரியைச் சுரண்டினாள். எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, எங்கே அழுத்தக்கூடாது என்று பக்கத்தில் நின்று சொன்னான். முதல் சிலிண்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மதியத்துக்குள் ஆறு முடித்தாள். விரலை விட்டு, கண்ணை மூடாமலே, "இங்க ஒண்ணு இருக்குங்க" என்றாள். இருந்தது.

மதியம் அவன், நடுக்கம் குறையட்டுமென்று, கிரைண்டரின் உடம்பில் பழைய துணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தான். முதலாளி வெளியே வந்து பார்த்தார்.

"துணியை எடு. மோட்டாருக்குக் காத்து போகலைன்னா இதுவும் உருகிடும்."

எடுத்தான்.

நான்கு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். முதலாளி அவரை மேஜைவரை கூட்டிவந்து, "இவங்கதான் எங்க புது டாக்டர்" என்றார். வாடிக்கையாளர் பல் தெரியச் சிரித்தார். மனைவி முந்தானையால் நெற்றிக் கரியைத் துடைத்தாள். கரி இன்னும் அகலமானது.

ஐந்தரைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த குழாயில் அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் கரி போகவில்லை. கையை உதறினாள், மறுபடி உதறினாள். பிறகு அப்படியே நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இது எப்ப நிக்கும்?"

"எது?"

"மெஷினைத்தான் அணைச்சாச்சே. கையில இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு." கையை அவனிடம் நீட்டினாள். "பிடிச்சுப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு."

அவன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டான். அதன் கனம் மட்டும் தெரிந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவளுடைய விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தான்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது," என்றான்.