கொடையாளி: கீதாஞ்சலி

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடன்பிறந்தவர்களின் திசு முழுதாகப் பொருந்திவிட்டால், அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்க மாட்டோம். உடனே வீட்டுக்குப் போன் செய்துவிடுவோம். சிறுநீரகத்துக்கோ எலும்பு மஜ்ஜைக்கோ மாதக்கணக்கில் தவமிருப்பவர்கள், போனிலேயே அழுதுவிடுவார்கள். பதினான்கு வருட வேலையில் நானே எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று ஜூலையில் அந்தப் போன் என் வீட்டுக்கே போனது.

மூத்தவள் ஸ்னேகாவுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. இனிப்புத் தின்று வருவதல்ல இது. நம் உடம்பில் சில செல்களின் மேல் சின்னச் சின்னத் தட்டுகள் உண்டு. கிடைத்த துணுக்குகளை அவை தட்டில் வைத்து நீட்டும், காவல் செல்கள் வந்து பார்க்கும். கிருமியின் துணுக்கு என்றால் படை கிளம்பும்; சொந்தத் துணுக்கு என்றால் பேசாமல் போய்விடும். தட்டின் வடிவம் மரபணுவில் எழுதியிருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. திசுப் பொருத்தம் என்று எங்கள் ஆய்வகம் ஒப்பிடுவது இந்த வடிவங்களைத்தான். சில வடிவங்களில் கணையத்தின் துணுக்கு கோணலாக உட்கார்ந்துகொள்கிறது. காவலுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களைச் சொந்தப் படையே கொன்றுபோடுகிறது.

இளையவள் கீதாஞ்சலிக்கு நாலு வயது. அவளுக்கும் வந்துவிடுமோ? இரண்டு வருடமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. அக்காவின் இரண்டு தொகுதிகளும் தங்கைக்கும் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. சோதித்துப் பார்க்கலாமா என்று என் மனைவி பட்டுவிடம் ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்சுண்டா தடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு? விடுங்கோ."

என்னால் விட முடியவில்லை. பள்ளிக்கூட அட்டைக்கு ரத்த வகை பார்க்க வேண்டும் என்று சொல்லி, குழந்தையை அழைத்துப்போய் ரத்தம் எடுத்தேன். எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள். நோயாளி: ஸ்னேகா. கொடையாளி: கீதாஞ்சலி. வேறு எங்கே எழுதுவது?

முடிவை நானே பார்த்துக்கொள்வதாக இருந்தேன். ஆனால் அன்றைக்கென்று என்னை வெளியே ஒரு பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். உடன் வேலை பார்க்கும் வங்காளி மிருணாள் பார்த்தான். கட்டத்தில் எழுதியிருந்ததை நம்பினான்.

சாயங்காலம் லேக் மார்க்கெட்டில் இறங்கி வீட்டுக்கு வந்தால், பட்டு கதவைத் திறந்தாள். அழுது சிவந்த கண், வாய் நிறையச் சிரிப்பு.

"பள்ளிக்கூட அட்டையாம்! நன்னா புளுகினேளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"என்ன ஆச்சு?"

"மிருணாள் போன் பண்ணினார். 'பௌதி, ஏக்தம் ஃபுல் மேட்ச்! ஜம்புதா மிஷ்டி வாங்கித் தராம தப்பிக்க முடியாது'ன்னார். நீங்க அவருக்கு ஸ்வீட் வாங்கித் தரணுமாம். ஏன்னா, சின்னவ குடுக்கலாமோல்லியோ? கணையத்துலேந்து துளி எடுப்பாளா? ஸ்னேகாவுக்கு இனிமே ஊசியே வேண்டாமா?"

ஸ்னேகா ட்யூஷனிலிருந்து இன்னும் வரவில்லை. கீதாஞ்சலி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் திதிக்கு தேபோ, பா! கொஞ்சூண்டு." அக்காவுக்குத் தருவாளாம், பாதி வங்காளத்தில்.

"பட்டு, உட்காரு. சொல்றேன்."

"ஆரம்பிச்சாச்சா உங்க க்ளாஸ்? சரி, இன்னிக்கு எத்தனை நாழி வேணா கேக்கறேன்."

தட்டுகளைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். "குடுக்கறதுக்காக நான் பாக்கலை. பொருந்தறதுன்னா, அவளோட அதே தட்டு இவளுக்கும் இருக்குன்னு அர்த்தம்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கலைந்து போகக்கூட அதற்குச் சிறிது நேரம் ஆயிற்று.

"இவளுக்கும் வருமா?"

"இப்படி இருக்கறவாள்ல நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேருக்கு வரலாம். மத்தவாளுக்கு வராது."

"இவ எதுல சேர்த்தி?"

"அது இந்தச் சோதனைல தெரியாது."

"நான்தான் வேண்டாம்னேனே." என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "தெரிய வேண்டாம்னு சொன்னேனே! இதை நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? சொல்லுங்கோ, எல்லாம் விளக்குவேளே!"

அவள் எழுந்துபோய் ஸ்னேகாவின் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துவந்தாள்.

"கீதா, விரலைக் காட்டுடி."

"இது திதிக்கா?"

பட்டு என்னைப் பார்க்கவில்லை. "ஆமா, திதிக்குத்தான்."

ஊசி பட்டதும் குழந்தையின் உதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை.

தொண்ணூற்றாறு.

"நல்லதுதானே?" என்றாள் பட்டு. "ஏன்னா, நல்லதுதானே?"

அந்தச் செல்கள் சாவது வெளியே தெரியாது. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போகும். மிச்சமிருப்பவை அத்தனை வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும். பெரும்பாலானவை போன பிறகுதான் சர்க்கரை ஏறும். தொண்ணூற்றாறு என்பது இன்று சாயங்காலத்துக்கான எண், அவ்வளவே. உள்ளே இப்போதே தொடங்கிவிட்டதா என்று அது சொல்லாது.

பட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான்" என்றேன்.

கீதாஞ்சலி அடுத்த விரலை நீட்டினாள். "இன்னும் வேணுமா, பா?"