நாலெழுத்துச் சொல்லோடு குடித்தனம்

மருந்துக் கம்பெனியில் லேபிள்களுக்குப் பிழை திருத்தும் அம்மாளின் சமையலறை மேசையில், ஒரு புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, ‘கிஃப்ட்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. நிறுத்துப் பார்த்ததில் முந்நூற்று நாற்பது கிராம் இருந்தது. தொட்டால் லேசான சூடு. அம்மாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், பதினெட்டு வருடங்களாகத் தனியாக இருந்தார். ஒரே மாத்திரைக்கு ஐந்து மொழிகளில் லேபிள் பார்க்கிறவர் என்பதால் வந்தது யாரென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது பரிசு. ஜெர்மனில் விஷம். ஸ்வீடிஷில் அதே எழுத்துகளை ‘யிஃப்ட்’ என்று சொல்வார்கள். அங்கே விஷம் என்றும் பொருள், கல்யாணமானவர் என்றும் பொருள். எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடுத்தல்’தான். கையில் கொடுத்தது பரிசாயிற்று. வேளைக்கு இவ்வளவு என்று கொடுத்த மருந்து நாளடைவில் விஷமாயிற்று. பெண்ணைக் கொடுத்தது கல்யாணமாயிற்று.

அதை ஆங்கிலமாக நினைத்து வாசித்தால் வாசலில் பொட்டலம் இருக்கும். ஒரு நாள் கையுறை, ஒரு நாள் பேரிக்காய். அனுப்பியவர் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. எட்டாவது பொட்டலத்தோடு அவருக்கு அது வெறுத்துப்போயிற்று. ஜெர்மனாக ஒரே ஒரு முறை வாசித்தார். ஜன்னலோரச் செடிகள் நான்கும் கருகின. பிறகு ஸ்வீடிஷில் வாசித்தார். அடுத்த அறையில் ஓர் ஆண் இருமினார். போய்ப் பார்த்தபோது யாருமில்லை. நாற்காலி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, குளியலறையில் சோப்பு ஈரமாக இருந்தது. அன்று அம்மாள் ரொம்ப வருடங்களுக்குப் பிறகு விளக்கை அணைக்கும் முன், “தூங்கலாமா?” என்று கேட்டார்.

மறுநாளும் அதே மாதிரி வாசித்ததற்கு விஷம் வந்தது. மூன்று நாள் வாந்தி. எந்தப் பொருள் எப்போது வரும் என்று சொல்ல வழியில்லை. ஆறு வருடம் அவர் தினமும் ஸ்வீடிஷிலேயே வாசித்தார். உடம்பு பாதியாக இளைத்தது. தெருமுனை டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, “அந்த மொழிய விட்டுடுங்கம்மா, ஒத்துக்கல” என்றார்.

“பத்துல ஆறு நாள் இருமல் கேக்குது டாக்டர்” என்றார் அம்மாள்.

தகவல் தெரிந்து தம்பி ரயிலேறி வந்தார். சொல்லைப் பழைய துணியில் சுற்றித் தூக்கிப் போடப் போனவர், அக்காவின் மணிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “உன்னை ஒருத்தனுக்கும் கொடுக்காம விட்டது எங்க தப்புதான்கா.”

“நான் என்ன பாத்திரமாடா, எடுத்துக் கொடுக்கறதுக்கு? அதை மேசையில வை. மெதுவா வை.”

தம்பி வைத்தார். ஊருக்குத் திரும்பும்போது, என்ன நினைத்தாரோ, அடுத்த அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, “வரேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் அம்மாளுக்கு விஷம் கடுமையாக ஏறியது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குமட்டும் சத்தம் கேட்டது. விஷ நாளில் அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது அதுவே முதல் தடவை. இரண்டு பொருளும் ஒரே நாளில் வந்திருந்தன. அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தார். உப்பும் சர்க்கரையும் போட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் கலக்கினார். ஒன்றைத் தான் குடித்தார்; மற்றதை அந்த அறைக்குள் வைத்து, “ஒரேடியா குடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா” என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கால் மணி நேரத்தில் டம்ளர் காலியாக இருந்தது.

மறுநாள் டாக்டர் விவரமாகக் கேட்டுக்கொண்டார். “அவருக்கு வயசு என்ன இருக்கும்?” என்றார். “என்னைவிட ரெண்டு மூணு கூட இருக்கும், இருமலை வெச்சுச் சொல்றேன்” என்றார் அம்மாள். டாக்டர் இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்.