கடல்மேல் ஒரு கோடு

ஸுமைரா கைபேசித் திரையை இரண்டு விரல்களால் விரித்தாள். நீலக் கடல் பெரிதானது. ஒரு முனையில், தம்பி அஹ்னாப் வேலை செய்யும் மாலைதீவின் தென்கோடி விமான நிலையம், மறுமுனையில் இந்தக் கரையின் மத்தளை விமான நிலையம். நடுவே வளைந்த ஒரு கோடு. பறக்கும் நேரம் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை என்றது அந்த இணையப் பக்கம். உள்ளறையில் பெண்கள் உம்மாவைக் குளிப்பாட்டி முடித்து வெள்ளைக் கபன் துணி அணிவித்துக்கொண்டிருந்தார்கள். கற்பூர மணம் வந்தது.

விடிகாலை சுபஹ் தொழுகையோடு உம்மா ரபீகா மௌத்தாகியிருந்தார். செய்தி கிடைத்ததும் அஹ்னாப், "வாரேன், உம்மாவ வெச்சிருங்க" என்று மட்டும் எழுதினான். பிறகு சத்தமே இல்லை. ஆகாயத்தில் இருப்பவன் எப்படிப் பேசுவான் என்று ஸுமைரா தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள். நண்பகல் லுஹருக்கு எடுக்கவிருந்த ஜனாஸாவை அவள் பேச்சைக் கேட்டுத்தான் மாலை அஸருக்குத் தள்ளினார்கள்.

வெளியே விக்டோரியா நீர்த்தேக்கத்தின்மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது கடலாகிவிட்டது. அதற்குமேல் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான். இறங்குவான், வேன் பிடிப்பான், மலையேறித் திகன வருவான், உம்மாவின் நெற்றியில் முத்தமிடுவான், கபுர்க் குழிக்குள் இறங்கித் தன் கையாலேயே அவரை வாங்குவான். அந்த நினைப்பு இதமாக இருந்தது, அழுகைகூட வரவில்லை.

"மகள், பள்ளிவாசல்ல கேக்கிறாங்க. புள்ள எங்க வந்திட்டான்?" உம்மாவின் தம்பி ஹாஷிம் மாமா வாசலில் நின்றார்.

"மத்தளையில எறங்கியிருப்பான் மாமா."

அப்போதுதான் கைபேசி அடித்தது.

"தாத்தா..." அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "இன்னம் தீவுலதான் ஈக்கிறேன். டிக்கட்டுக்கு அலஞ்சதுல போன் சார்ஜும் எறங்கிட்டு. மாலேக்குப் போற பிளேன்ல நாளைக்குத்தான் சீட்டு."

"மாலே என்னத்துக்கு? மத்தளைக்கு ரெண்டு மணித்தியாலம்தானே?"

"அது சும்மா தூரம் தாத்தா. அந்த வழியில பிளேனே ஓடுறல்ல, மாலே போய்த்தான் வரணும்."

எந்த இரண்டு ஊரைக் கேட்டாலும் அந்த இணையப் பக்கம் சளைக்காமல் கணக்குச் சொல்லும். அங்கே ஒரு காக்கையாவது பறக்கிறதா என்பது அதன் கவலை இல்லை. ஸுமைராவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"நாளை வரைக்கும் வெச்சிருங்க தாத்தா. மொகத்த ஒருக்காப் பாத்துக்கிறேன்."

மாமாவுக்கும் அது கேட்டது. "மையித்தக் காக்க வெக்கிறது நல்லமில்ல மகள். ஆனா நீ சொன்னாத்தான் தூக்குவேன்," என்றார்.

அவள் உள்ளே போய், மூடாமல் விட்டிருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். கலியாண வீட்டுக்குக்கூட முதல் ஆளாகப் போய் நிற்கிற உம்மா காலையிலிருந்து காத்துக்கிடக்கிறார். தம்பியோ அந்த முகத்தை ஒருமுறை பார்க்கக் கேட்கிறான்.

"எடுங்க மாமா," என்றாள். கைபேசி காதில்தான் இருந்தது. தம்பிக்கும் கேட்டிருக்கும்.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அது தெருமுனையில் திரும்பும்வரை அவள் நின்றாள்.

"பள்ளிக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டான் அஹ்னாப்.

"போயிட்டாங்க."

"நானும் இங்கருந்தே தொழுறேன். போன வெக்காதீங்க தாத்தா."

கைபேசியை மணலில் வைத்தான் போலும்; அலைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. முதல் தக்பீர், 'அல்லாஹு அக்பர்', தெளிவாக வந்தது. வெகுநேரம் கழித்து அடுத்தது. நான்காவதற்குப் பிறகு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து உம்மாவை அனுப்ப வேண்டும். அவன் கொடுக்கவில்லை. கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஸுமைரா காத்திருந்தாள்.