ஒன்றாக அடுக்கக் கூடாத நைட்ரஜன்

என் கணவரின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றுவரை அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அம்மா’ வேண்டாம், அது இறந்துபோன அவள் அம்மாவுக்கே இருக்கட்டும். ‘சித்தி’ என்றால் எனக்குப் போதும். அதுகூட அவள் வாயில் வரவில்லை. “இங்க பாருங்க”, “உங்களைத்தான்” என்று பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்கிற மாதிரிதான் பேச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய? கேட்டு வாங்குகிற பொருளா அது?

நான் ஒரு ரசாயனக் கிடங்கில் பாட்டில் கழுவுகிறவள். அங்கே லேபிள் எழுதும் மேஜையில் ஓர் இடம் காலியானது. அதற்குப் பரீட்சை வைத்தார்கள். ரசாயனத்தின் பெயர் கொடுத்தால் அதன் வாய்பாடு எழுத வேண்டும், வாய்பாடு கொடுத்தால் பெயர். எல்லாம் நைட்ரஜன் சேர்மங்கள் என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள் அவளுடைய வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். டைநைட்ரஜன் மோனாக்சைடுக்கு NO₂ என்று எழுதினேன். தண்ணீர் குடிக்க வந்தவள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“டைன்னா ரெண்டு. அது நைட்ரஜனுக்கு முன்னாடிதானே இருக்கு? N₂O. நீங்க எழுதினது நைட்ரஜன் டைஆக்சைடு.”

“கத்தாதே. பாட்டில் கழுவுறவ மூளை இவ்வளவுதான்.”

“மூளைக்கென்ன குறைச்சல்? கவனம்தான் இல்ல,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பூனை மாதிரி திரும்பிப் போனார்.

அடுத்தது அம்மோனியம் நைட்ரேட். NH₄ தெரியும், NO₃ தெரியும். ஆனால் கிடங்குப் பழக்கம் என்னை விடுமா? ஒரே சரக்கு என்றால் ஒரே அடுக்கில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். இரண்டு நைட்ரஜனையும் சேர்த்து N₂H₄O₃ என்று எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது.

“ஐயோ! ஏன் ஒண்ணா அடுக்குறீங்க?”

“ரெண்டும் நைட்ரஜன்தானேடி?”

“நைட்ரஜன்தான். ஆனா இது ஹைட்ரஜனைக் கூட்டிட்டு வந்தது, அது ஆக்சிஜனைக் கூட்டிட்டு வந்தது. NH₄NO₃. தனித்தனியா எழுதினாத்தான் எது யாரோட வந்ததுன்னு தெரியும். நீங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துடுறீங்க.”

கடைசியில் அவள் குரல் உடைந்தது. கண் அலமாரிக்குப் போய் வந்தது.

நானும் பார்த்தேன். வந்த புதிதில் நான் ஒழுங்குபடுத்திய அலமாரி. என் கோப்பைகளும் அவள் அம்மாவின் நீலக்கரைக் கோப்பைகளும் கலந்து, உயரப்படி ஒரே வரிசையில் நின்றன.

மறுநாள் காலையில் நீலக்கரைக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மேல்தட்டில் தனியாக வைத்தேன். என்னுடையவை கீழ்த்தட்டில். அவள் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். சரி, நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான் என்று நானும் பரீட்சைக்குப் போனேன்.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“சித்தி! அம்மோனியம் நைட்ரேட் வந்துச்சா?”

கழற்றின செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டேன்.

“உங்களைத்தான் சித்தி. வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“தனித்தனியா எழுதினீங்களா?”

“எழுதினேன்டி.”

தேநீரோடு வந்தாள். அவள் கையில் அவள் அம்மாவின் கோப்பை, எனக்கு என்னுடையது. பரீட்சை முடிவு அடுத்த வாரம், வரும்போது வரட்டும். தேநீரில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அவளிடம் சொல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதும் குடித்தேன்.