தொட்டியில் இல்லாத சிவப்பு

சாப்பாட்டு மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சாய மேஸ்திரி இன்னும் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு எதிரே அவர் மனைவியின் தம்பி கைகட்டி நின்றான்.

சாயப் பட்டறையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டியூப் என்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அவனுக்கு மூலம் வந்தது. ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து, ஸ்டூலின் மேல் போட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டான். பெயர் வைத்தவர் மேஸ்திரி. மூலம் போய்விட்டது. பெயர் போகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் அது அவனுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

கதவு திறந்தது.

"என்னடா, காவல் காக்கிறியா?"

"கொஞ்சம் நகருங்க மச்சான்."

மேஸ்திரி நகரவில்லை. அவன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். பீங்கான் ஓரத்தில் தண்ணீரில் கரைந்த சிவப்பு.

"இன்னைக்கும் சிவப்பு."

"வாளி கழுவினேன். அதுக்கென்ன?"

"இங்க சாயம் கழுவறவன் அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு முதலாளி சொல்லியிருக்கார்."

"போய்ச் சொல்லிக் கொடு. வேற என்ன தெரியும் உனக்கு?"

வேறு எங்கேயாவது என்றால் கழிப்பறையில் சிவப்பைக் கண்டு பதறியிருப்பார்கள். இங்கே எல்லோருடைய நகமும் காலும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். துப்பினால் எச்சிலில்கூட நிறம் தெரியும். அதனால் சில வாரங்களாக, யார் கழுவினார்கள் என்று மட்டும்தான் சண்டை நடந்தது. மேஸ்திரி இரண்டு பேரைத் திட்டினார். ஒருவன் அழுதான்.

டியூப், முதலாளியின் அறைக்கு நடந்தான். மேஸ்திரி போனால் அந்த இடம் தனக்கு வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை.

அறைக்குள் போக வேண்டுமென்றால் வாசல் குழாயில் கை கழுவ வேண்டும். குழாயைத் திறந்தான். விரல்களிலிருந்து தண்ணீர் கறுப்பாக ஓடியது. தேய்த்தான். இன்னும் கறுப்பு. போன வாரமும் கறுப்பாகத்தான் ஓடியது. யூனிஃபார்ம் துணி ஆர்டர் வந்ததிலிருந்து பட்டறையில் வேறு நிறமே கரைக்கவில்லை.

குழாயை மூடிவிட்டுத் திரும்பி நடந்தான்.

மேஸ்திரி துணி காயும் கொடிகளுக்கு நடுவே நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது.

"சொல்லிட்டியா?"

"தொட்டியில என்ன நிறம் மச்சான்?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? கறுப்பு."

"அப்ப உங்க வாளியில சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?"

மேஸ்திரி டிபன் பாக்ஸை மூடினார்.

"ஸ்டூல் சும்மா கிடக்குது, நின்னுகிட்டுத் திங்கிறீங்க. யாரும் பாக்கலைன்னா தூண்ல போய்ப் பின்னாடி தேய்க்கிறீங்க. உள்ள போனா வெளிய வர மாட்டேங்கிறீங்க. இதெல்லாம் நான் பட்டவன். என்கிட்டயேவா?"

"ரொம்பச் சந்தோஷமா இருக்குமே உனக்கு."

"இருக்கு. உங்க சைசுக்கு லாரி டியூப் வாங்கித் தரேன்."

"மெதுவா பேசு."

"அன்னைக்கு நீங்க மெதுவாவா பேசினீங்க?"

கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"உனக்கு வந்த அதேதான்" என்றார். "எரியுது, அரிக்குது. தொட்டா பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. நீ என்ன செத்தா போயிட்ட? தானா போச்சுல்ல."

"தானா போச்சுன்னு யார் சொன்னது? டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டதே நிறம்தான்."

"என்ன நிறம்?"

"ரத்தத்தோட நிறம். பளிச்சுனு சிவப்பா, போனதுக்கப்புறம் சொட்டுச் சொட்டா விழுந்தா அது பெரும்பாலும் மூலமாம். கறுத்துப்போய், மலத்தோடயே கலந்து வந்தா, குடல்ல மேல எங்கிருந்தோ வருதுன்னு அர்த்தமாம். எனக்குப் பளிச்சுனுதான் இருந்துச்சு. அப்பவும் பரிசோதிச்சுப் பாக்காம பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டார்."

"உன் டாக்டரை நீயே வெச்சுக்கோ."

"எனக்கு என்ன வந்துச்சு. நாளைக்கு ஏதாவது ஆனா அக்கா என் வாசல்லதான் வந்து நிப்பா. அதுக்குத்தான் கேக்கிறேன். அவளுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட வாயைத் திறந்த, கொன்னுடுவேன்."

மேஸ்திரி சட்டையை இழுத்துவிட்டார். அதற்குள் டியூப் பார்த்துவிட்டான். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. அதற்கும் உள்ளே, இன்னும் இறுக்கிப் போட, இன்னொன்று.

அவன் குரல் இறங்கியது. ஆனால் கனிவு வரவில்லை.

"ஊத்தின தண்ணியில அது பளிச்சுனு இருந்துச்சா, கறுத்திருந்துச்சான்னு எனக்குத் தெரியல. நீங்க பாத்திருப்பீங்க. ஈரத் துணியில நிறம் துளி மாறினாலும் தொட்டியையே கொட்டச் சொல்ற ஆளு நீங்க. ஊரைக் கூட்டி எனக்குப் பேரு வெச்சீங்களே, இப்ப இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

மேஸ்திரி கொடியில் தொங்கிய துணியின் ஓரத்தைப் பிடித்தார். பிழிந்தார். விரலிடுக்கில் கறுப்பு வழிந்தது.

"சொல்லுங்க மச்சான். என்ன சிவப்பு?"